'லைப்ரரி இல்லை' என்று வந்தால் எங்கே தேடுவது?

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா மகன், அந்த ஊர் அச்சகங்களில் பல ஆண்டுகளுக்கு முன் அச்சான திருமண அழைப்பிதழ்களையும் திருவிழாத் துண்டறிக்கைகளையும் சேர்த்து வைத்திருக்கிறான். அவற்றை ஸ்கேன் செய்து, படமாக இருக்கும் எழுத்துகளைத் தேடிப் பார்க்கக்கூடிய உரையாக மாற்ற வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அந்த வேலைக்கு டெசராக்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் பொருத்தமானது. ஹியூலட்-பேக்கார்ட் ஆய்வகங்களில் 1985 முதல் 1994 வரை உருவாகி, 2005-இல் மூலநிரல் திறந்துவிடப்பட்டு, 2006 தொடங்கி 2018 வரை கூகுளின் பொறுப்பில் வளர்ந்த அந்த மென்பொருள் தமிழ் எழுத்துகளையும் படிக்கும். அவனுடைய மடிக்கணினியில் உள்ள உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் அதன் நான்காம் பதிப்பு ஏற்கெனவே இருந்தது. 2021-இல் வெளியான ஐந்தாம் பதிப்பு வேண்டும் என்பதற்காக மூலநிரலை இறக்கித் தானே கம்பைல் செய்ய, அதாவது மனிதர் எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய எந்திர மொழிக்கு மாற்றத் தொடங்கியவன், பாதியில் நின்றுபோய், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சத்துவாச்சாரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"மாமா, லெப்டோனிகா இல்லைன்னு சொல்லுது. ஆனா அது இருக்குது, நானே பார்த்துட்டேன்" என்றான். லெப்டோனிகா என்பது டெசராக்ட்டுக்குத் தேவைப்படும் ஒரு லைப்ரரி.

அவன் சொன்னதும் சரி, கணினி சொன்னதும் சரி. மூலநிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கப் புதிதாக இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால், அன்று அவனுக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். லைப்ரரி என்பது ஒற்றைப் பொருள் அன்று. அது பல பகுதிகளாகப் பிரிந்து கிடப்பது, வேலையின் ஒவ்வொரு கட்டமும் அதில் ஒவ்வொரு பகுதியைக் கேட்பது. ஆகவே 'இல்லை' என்ற சொல்லைப் பார்த்தவுடன் எதையாவது நிறுவத் தொடங்குவதற்கு முன்பு, இதைக் கேட்பது எந்தக் கட்டம், அது கேட்பது எந்தப் பகுதி என்ற இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்துவிட்டால் தீர்வு பெரும்பாலும் ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

ஆம்பூர்ச் செருப்பும் லைப்ரரியும்

லைப்ரரி என்பதை நிரலகம் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். பல மென்பொருள்களுக்கும் பொதுவாகத் தேவைப்படும் வேலைகளை ஒருவர் ஒருமுறை செம்மையாக எழுதி வைத்துவிட, மற்றவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். சுருக்கப்பட்ட தரவை விரிப்பதற்கு இசட்லிப், பிஎன்ஜி படங்களைத் திறப்பதற்கு லிப்பிஎன்ஜி, படத்தை நிமிர்த்துவது, கறுப்பு வெள்ளையாக்குவது போன்ற வேலைகளுக்கு லெப்டோனிகா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை உண்டு. டெசராக்ட் எழுத்துகளை அடையாளம் காண்பதில் மட்டும் கவனம் செலுத்திவிட்டுப் படத்தைக் கையாளும் பொறுப்பை லெப்டோனிகாவிடம் விட்டுவிடுகிறது. லெப்டோனிகாவோ பிஎன்ஜி கோப்பைத் திறக்க லிப்பிஎன்ஜியை நம்புகிறது, லிப்பிஎன்ஜி இசட்லிப்பை நம்புகிறது.

மூலநிரல் மென்பொருளாக மாறும் வழியைச் சொல்ல, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை பக்கத்துக் காலணித் தொழிலைவிட எனக்கு வேறு நல்ல உவமை கிடைக்கவில்லை. அங்கே ஷூவின் மேல்பகுதியான அப்பரை மட்டும் தைக்கும் யூனிட்டுகள் உண்டு. அடிப்பகுதியான சோல் வேறோர் இடத்திலிருந்து வரும். அப்பரைத் தைப்பவரின் கையில் அப்போது சோல் இருக்க வேண்டிய தேவையில்லை. ஓரம் எங்கே வளைய வேண்டும், எவ்வளவு தோல் மடிப்புக்கு விட வேண்டும் என்பதைக் காட்டும் பேட்டர்ன் மட்டும் இருந்தால் அவர் வேலையை முடித்துவிடுவார். அப்பரும் சோலும் ஒன்றாக ஒட்டப்படும் மேசையில்தான் உண்மையான சோல் கையில் இருந்தாக வேண்டும்.

கம்பைலரும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு மூலநிரல் கோப்பையும் எந்திர மொழிக்கு மாற்றும்போது, லெப்டோனிகாவில் இன்னின்ன பெயரில் இன்னின்ன செயற்கூறுகள் இருக்கின்றன, அவற்றுக்கு இன்னின்ன உள்ளீடுகளைத் தர வேண்டும் என்ற விவரம் மட்டும் அதற்குப் போதும். அந்த விவரத்தைத் தாங்கியிருப்பது ஹெடர் கோப்பு. அதுதான் பேட்டர்ன். பிறகு லிங்க்கர் என்னும் இன்னொரு நிரல், துண்டுதுண்டாக உருவான கோப்புகளை ஒன்றாக இணைக்கும்போதுதான் லைப்ரரியின் எந்திர மொழிக் கோப்பு தேவைப்படுகிறது. அதுதான் சோல்.

உவமை இந்த இடத்தோடு நின்றுவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒட்டிய சோல் அந்த ஷூவோடேயே போய்விடும். ஆனால் லினக்ஸில் பெரும்பாலும் பயன்படும் பகிர்வு லைப்ரரிகள் அப்படி ஒட்டப்படுவதில்லை. 'ஓடும்போது இந்தப் பெயருள்ள லைப்ரரியைத் தேடி எடுத்துக்கொள்' என்ற குறிப்பை மட்டும் லிங்க்கர் மென்பொருளுக்குள் எழுதி வைக்கிறது. மென்பொருளைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் லோடர் என்னும் நிரல் அந்தக் குறிப்பைப் படித்து, லைப்ரரியைத் தேடிப் பிடித்து நினைவகத்தில் ஏற்றுகிறது. ஆகவே கம்பைல் செய்யும்போது இருந்த லைப்ரரி, ஓட்டும்போது காணாமல் போவதும் நடக்கக்கூடியதே.

முதல் தடை: கான்ஃபிகர் சொல்லும் 'இல்லை'

மூலநிரலைக் கம்பைல் செய்யும் வழக்கமான வரிசை கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்பதாகும். மேக் என்பது கம்பைல் செய்து இணைக்கும் கட்டம், மேக் இன்ஸ்டால் என்பது உருவானவற்றை உரிய கோப்புறைகளில் வைக்கும் கட்டம். கான்ஃபிகர் என்பது கம்பைல் செய்யும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே கணினியைச் சோதித்து, தேவையானவை எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட். அக்கா மகனின் திரையில் அது நின்ற இடத்தில் இருந்த வரி இது: 'கான்ஃபிகர்: எரர்: லெப்டோனிகா 1.74 ஆர் ஹையர் இஸ் ரிக்வயர்ட். ட்ரை டு இன்ஸ்டால் லிப்லெப்டோனிகா-டெவ் பேக்கேஜ்.' எந்தப் பொதியை, அதாவது எந்த பேக்கேஜை, நிறுவ வேண்டும் என்பது அந்த வரியிலேயே இருக்கிறது. எல்லா மென்பொருளும் இவ்வளவு அக்கறையோடு சொல்லிவிடுவதில்லை. இதைச் சொன்ன பிறகும் அவன் நின்றதற்குக் காரணம், லெப்டோனிகா தன்னிடம் இருக்கிறது என்று அவன் உறுதியாக நம்பியதுதான்.

அவன் நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. நிறுவப்பட்ட பொதிகளைக் காட்டும் கட்டளையைத் தட்டிக் காட்டினான், லிப்லெப்ட்5 என்ற பொதி பட்டியலில் தெளிவாக இருந்தது. ஆனால் அந்தப் பொதி, லெப்டோனிகாவைப் பயன்படுத்தும் மென்பொருளை ஓட்டுவதற்கானது. லெப்டோனிகாவை வைத்துப் புதிய மென்பொருளைக் கட்டுவதற்கானது அன்று. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் ஒரு லைப்ரரியை இப்படி இரண்டு பொதிகளாகப் பிரித்து வைக்கிறார்கள். ஓட்டுவதற்கான பொதியில் எந்திர மொழிக் கோப்பு மட்டும் இருக்கும். பெயரின் இறுதியில் 'டெவ்' என்று முடியும் பொதியில் ஹெடர் கோப்புகள், லிங்க்கருக்கான பெயர்ச்சுட்டி, லைப்ரரியைப் பற்றிய அறிமுகச் சீட்டு ஆகியவை இருக்கும். ஃபெடோரா வகையில் அதே பொதி 'டெவல்' என்று முடியும். சாதாரணப் பயனருக்கு ஹெடர் கோப்பு எதற்கும் உதவாது என்பதால், அதை அனைவருடைய கணினியிலும் நிறுவி இடத்தை அடைக்க வேண்டாம் என்பதே இந்தப் பிரிவினைக்குக் காரணம். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அதை யாரும் புதியவர்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. கான்ஃபிகர் 'இல்லை' என்று சொல்லும்போது பத்தில் பெரும்பங்கு இந்த டெவ் பொதியைத்தான் இல்லை என்கிறது என்பது என் அனுபவம்.

அறிமுகச் சீட்டு என்று சொன்னேன். பெயரின் இறுதியில் 'டாட் பிசி' என்று முடியும் சிறிய உரைக் கோப்பு அது. லைப்ரரியின் பதிப்பு என்ன, ஹெடர்கள் எந்தக் கோப்புறையில் இருக்கின்றன, லிங்க்கருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பவை அதில் எழுதப்பட்டிருக்கும். கான்ஃபிகர் கேட்கும்போது இந்தச் சீட்டைத் தேடிப் படித்துச் சொல்லும் கருவிக்கு பிகேஜி-கான்ஃபிக் என்று பெயர். 'நோ பேக்கேஜ் ஃபவுண்ட்' என்று வந்தால் அதற்குச் சரியான பொருள், பிகேஜி-கான்ஃபிக் தனக்குத் தெரிந்த இடங்களில் அந்தச் சீட்டைக் காணவில்லை என்பது மட்டுமே. லைப்ரரியை நீங்களே வேறோர் இடத்தில் நிறுவியிருந்தால், லைப்ரரி முழுமையாக இருந்தும் சீட்டு கண்ணில் படாமல் போகலாம். அப்போது பிகேஜி கான்ஃபிக் பாத் என்னும் சூழல் மாறியில் (ஓடும் மென்பொருள்கள் படித்துக்கொள்வதற்காக நாம் ஒரு பெயரில் வைக்கும் குறிப்பு) அந்தக் கோப்புறையைச் சேர்த்துவிட்டுக் கான்ஃபிகரை மீண்டும் ஓட்ட வேண்டும்.

பிகேஜி-கான்ஃபிக் கருவியே கணினியில் இல்லாதபோது வரும் பிழை மிகவும் குழப்பமானது. மூலநிரலிலிருந்து கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆட்டோஜென் கட்டத்தில், விரிவாக மாற்றப்பட வேண்டிய ஒரு சுருக்கக் குறிப்பு மாற்றப்படாமல் அப்படியே தங்கிவிடும். பிறகு கான்ஃபிகரை ஓட்டினால், லைப்ரரி பற்றி ஒரு சொல்லும் இன்றி, 'சின்டாக்ஸ் எரர்' என்று ஏதோ ஒரு வரி எண்ணைக் காட்டி நின்றுவிடும். அந்த வரியில் லைப்ரரியின் பெயர் பெரிய எழுத்துகளில் தென்பட்டால், ஸ்கிரிப்டைத் திருத்தப் போகாமல், பிகேஜி-கான்ஃபிக்கை நிறுவி ஆட்டோஜென்னிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

செய்தி தெளிவாக இல்லாதபோது, அதே கோப்புறையில் இருக்கும் கான்ஃபிக் டாட் லாக் என்ற கோப்பைத் திறந்து பார்ப்பது மிகுந்த பயன் தரும். கான்ஃபிகர் செய்த ஒவ்வொரு சோதனையும், அதற்குக் கம்பைலர் சொன்ன பதிலும் அதில் இருக்கும். கோப்பின் கடைசிப் பக்கங்களில் மாறிகளின் நீண்ட பட்டியல் மட்டுமே இருக்கும் என்பதால், அடியிலிருந்து படிக்காமல், திரையில் கண்ட பிழை வரியைக் கோப்புக்குள் தேடி, அதற்குச் சற்று மேலே என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

கம்பைலரும் லிங்க்கரும் கேட்பவை

கான்ஃபிகர் இல்லாத மென்பொருளிலும், கான்ஃபிகர் சோதிக்க மறந்த லைப்ரரியிலும், சிக்கல் மேக் கட்டத்தில் வெளிப்படும். 'ஃபேட்டல் எரர்: இசட்லிப் டாட் ஹெச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வந்தால் அது கம்பைலரின் குரல். பேட்டர்ன் இல்லை என்கிறது. டெவ் பொதியை நிறுவினால் தீர்ந்துவிடும். இசட்லிப்பைப் பொறுத்தவரை உபுண்டுவில் அந்தப் பொதியின் பெயர் இசட்லிப்1ஜி-டெவ் என்பதாகும். பெயரை ஊகிக்க முடியாத நேரத்தில் ஆப்ட்-ஃபைல் என்னும் கருவி கைகொடுக்கும். அதை நிறுவி, ஒருமுறை அப்டேட் செய்துவிட்டு, காணாமல் போன ஹெடரின் பெயரைக் கொடுத்துத் தேடச் சொன்னால், அந்தக் கோப்பு எந்தப் பொதிக்குள் இருக்கிறது என்று காட்டிவிடும். ஃபெடோராவில் டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ் என்ற கட்டளை இதே வேலையைச் செய்கிறது. ஹெடரின் பெயரும் பொதியின் பெயரும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்து ஊகத்தில் நேரத்தைக் கழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

'கெனாட் ஃபைண்ட்' என்று தொடங்கி, ஹைஃபன், எல், அதையொட்டி லைப்ரரியின் பெயர் என்று முடிந்தால் அது லிங்க்கரின் குரல். இதைப் புரிந்துகொள்ள, கோப்புறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. டெவ் பொதி இல்லாத கணினியில் இசட்லிப்பின் கோப்புகளைப் பட்டியலிட்டால் இரண்டு பெயர்கள் தெரியும். ஒன்று லிப்இசட் டாட் எஸ்ஓ டாட் 1.2.11. இதுதான் உண்மையான கோப்பு. மற்றொன்று லிப்இசட் டாட் எஸ்ஓ டாட் 1. இது அந்த உண்மையான கோப்பைச் சுட்டும் குறியிணைப்பு, மென்பொருள் ஓடும்போது லோடர் தேடும் பெயர். லிங்க்கர் தேடுவது இந்த இரண்டையும் அன்று. எண் ஏதும் இல்லாமல் லிப்இசட் டாட் எஸ்ஓ என்று முடியும் மூன்றாவது பெயரையே அது தேடுகிறது. அந்த மூன்றாவது பெயர் டெவ் பொதியோடுதான் வருகிறது. சோல் மேசையிலேயே இருந்தும், ஒட்டுபவர் எதிர்பார்க்கும் பெயர் அதன்மேல் இல்லாததால் வேலை நிற்கிறது. டெவ் பொதியை நிறுவியவுடன் அதே பட்டியலில் மூன்று பெயர்கள் வரிசையாக நிற்பதை அக்கா மகனுக்குத் திரையில் காட்டினேன். அதற்குமேல் அவனுக்கு அந்த விஷயத்தில் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். எண் ஒத்துப்போகாத லைப்ரரி இருக்கும்போது, இரண்டாம் எண்ணுள்ள கோப்புக்கு முதலாம் எண்ணின் பெயரில் குறியிணைப்பு கொடுத்து ஏமாற்றும்படி யோசனை சொல்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். எஸ்ஓ என்பதை அடுத்து வரும் முதல் எண் வெறும் அலங்காரம் அன்று. பழைய மென்பொருள்களோடு இனி ஒத்துப்போகாத அளவுக்கு உள்ளமைப்பு மாறிவிட்டது என்று லைப்ரரியை எழுதியவர்கள் அறிவிக்கும் அடையாளம் அது. எட்டாம் நம்பர் சோலை ஏழாம் நம்பர் அப்பரில் இழுத்து ஒட்டினால் கடையில் வைத்திருக்கும்வரை ஷூ மாதிரித்தான் இருக்கும், நடந்தால் பிரியும். மென்பொருளும் திறக்கும், சில நேரம் ஓடும், பிறகு ஏதோ ஓரிடத்தில் காரணம் சொல்லாமல் நின்றுபோகும். அதைக் கண்டுபிடிப்பது முதலில் இருந்த சிக்கலைவிடப் பன்மடங்கு கடினம். ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து எஸ்ஓ கோப்பைத் தனியாக இறக்கிக் கோப்புறையில் போடுவதும் இதே வகையைச் சேர்ந்தது, பாதுகாப்பு ஆபத்தும் அதில் கூடுதலாக உண்டு.

லிங்க்கர் சொல்லும் இன்னொரு பிழை 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்பது. இதைப் பலரும் லைப்ரரி இல்லை என்று படித்துவிடுகிறார்கள். லிங்க்கர் உண்மையில் சொல்வது, இந்தப் பெயருள்ள செயற்கூறு எனக்குக் கொடுக்கப்பட்ட எதிலும் இல்லை என்பதே. லைப்ரரியின் பெயரைக் கட்டளையில் சேர்க்காமல் விட்டிருக்கலாம், சேர்த்தும் வரிசை தவறியிருக்கலாம். கேட்கும் கோப்பு முதலிலும் கொடுக்கும் லைப்ரரி அதற்குப் பின்னாலும் வர வேண்டும். லைப்ரரியை முன்னால் எழுதினால், அதுவரை யாரும் எதையும் கேட்கவில்லை என்று லிங்க்கர் அதைக் கடந்து போய்விடக்கூடும். ஹெடர் ஒரு பதிப்பிலிருந்தும் எஸ்ஓ கோப்பு இன்னொரு பதிப்பிலிருந்தும் கிடைத்திருந்தாலும் இதே பிழை வரக்கூடும்.

எந்தப் பிழையானாலும் முதலில் வந்ததைப் படியுங்கள். மேக் நின்ற பிறகு திரையின் அடியில் தெரியும் வரி, பெரும்பாலும் 'நான் நின்றுவிட்டேன்' என்று மேக் சொல்வது மட்டுமே. காரணம் அதற்கு மேலே எங்கோ இருக்கும். வேகத்துக்காக ஹைஃபன் ஜே என்ற விருப்பத்தோடு ஒரே நேரத்தில் பல கோப்புகளைக் கம்பைல் செய்யும்போது, பிழை வந்த வரியின்மேல் மற்றக் கோப்புகளின் செய்திகள் வந்து மூடிவிடும். அந்த விருப்பத்தை விட்டுவிட்டு மேக்கை இன்னொருமுறை தனியாக ஓட்டினால், ஏற்கெனவே முடிந்தவற்றைத் தாண்டி நேராகச் சிக்கலான கோப்பில் வந்து நிற்கும்.

கம்பைல் ஆனது, ஆனால் ஓடவில்லை

டெவ் பொதியை நிறுவி, கான்ஃபிகர் தாண்டியதையும் பார்த்துவிட்டு அவன் அன்று மாலை காட்பாடி வழியாக ஊருக்குத் திரும்பினான். வீட்டுக்குப் போனதும் அவனுக்கு வேறொரு யோசனை வந்திருக்கிறது. டெசராக்ட்டையே புதிதாகக் கட்டும்போது லெப்டோனிகா மட்டும் ஏன் பழையதாக இருக்க வேண்டும் என்று அதன் மூலநிரலையும் இறக்கிக் கம்பைல் செய்து, அதன்மேல் டெசராக்ட்டையும் கட்டி முடித்துவிட்டான். இரண்டும் பிழையின்றி முடிந்தன. ஆனால் டெசராக்ட்டைத் திறந்தவுடன் 'எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரீஸ்: லிப்டெசராக்ட் டாட் எஸ்ஓ டாட் 5: கெனாட் ஓப்பன் ஷேர்ட் ஆப்ஜெக்ட் ஃபைல்' என்று வந்தது. தொலைபேசியில் இதைப் படித்துக் காட்டினான். மேக் இன்ஸ்டால் செய்தபோது யூஎஸ்ஆர் லோக்கல் லிப் என்ற கோப்புறையில் அதே கோப்பு போய் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றும் சொன்னான்.

இது லோடரின் குரல். லோடர் ஒவ்வொரு முறையும் வட்டு முழுவதையும் தேடிக்கொண்டிருப்பதில்லை, முன்பே தயாரித்து வைத்த ஓர் அட்டவணையைப் பார்க்கிறது. பொதியாக நிறுவும்போது அந்த அட்டவணை தானாகவே புதுப்பிக்கப்பட்டுவிடும். நாமே மேக் இன்ஸ்டால் செய்யும்போது, நாம்தான் எல்டிகான்ஃபிக் என்ற கட்டளையை சூடோ என்னும் நிர்வாகி உரிமையோடு ஓட்டிப் புதுப்பிக்க வேண்டும். சில லினக்ஸ் வகைகளில் யூஎஸ்ஆர் லோக்கல் லிப் கோப்புறையே லோடரின் தேடல் பட்டியலில் இருக்காது. அங்கே இடிசி கோப்புறைக்குள் எல்டி டாட் எஸ்ஓ டாட் கான்ஃப் டாட் டி என்ற கோப்புறையில் ஒரு சிறிய கோப்பை உருவாக்கி, பாதையை ஒரு வரியாக எழுதிவிட்டுப் பிறகு எல்டிகான்ஃபிக்கை ஓட்ட வேண்டும். எல்டி லைப்ரரி பாத் என்னும் சூழல் மாறியைக் கொண்டும் லோடருக்கு வழி காட்டலாம். சோதித்துப் பார்க்கும் சில நிமிடங்களுக்கு அது போதும். அதை நிரந்தரமாக எழுதி வைத்தால், தொடர்பே இல்லாத வேறு மென்பொருள்களும் தவறான லைப்ரரியை எடுத்துக்கொள்ள நேரிடும் என்பதால் நான் அதை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இந்தக் கட்டத்தில் கையில் இருக்க வேண்டிய கருவி எல்டிடி. மென்பொருளின் பாதையைக் கொடுத்து அதை ஓட்டினால், எந்தெந்த லைப்ரரி தேவை, ஒவ்வொன்றும் எந்த இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்று வரிவரியாகக் காட்டும். கிடைக்காதவற்றுக்கு எதிரே 'நாட் ஃபவுண்ட்' என்று இருக்கும். நம்பிக்கைக்குரிய மென்பொருளின்மேல் மட்டும் இதை ஓட்டுங்கள், ஏனெனில் சில சூழல்களில் எல்டிடி அந்த மென்பொருளையே இயக்கிப் பார்க்கக்கூடும்.

யாரும் சொல்லாத 'இல்லை'

எல்டிகான்ஃபிக்குக்குப் பிறகு டெசராக்ட் திறந்தது. முதல் அழைப்பிதழின் பிஎன்ஜி படத்தைக் கொடுத்தான். 'ஃபங்ஷன் நாட் ப்ரெசன்ட்' என்று ஒரு வரி வந்து நின்றது. எந்த லைப்ரரியின் பெயரும் அதில் இல்லை. இதுவரை சொன்னவற்றுள் என் மனத்துக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த வகைதான், ஏனெனில் இதில் கம்பைல் செய்யும் நேரத்தில் ஒரு பிழையும் வருவதில்லை.

மென்பொருளுக்குத் தேவைப்படும் லைப்ரரிகளில் கட்டாயமானவை உண்டு, விருப்பமானவை உண்டு. கட்டாயமானது இல்லையென்றால் கான்ஃபிகர் நின்றுவிடும். விருப்பமானது இல்லையென்றால், சோதனை வரியில் 'நோ' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டுத் தொடர்ந்து போய்விடும். லெப்டோனிகாவுக்குப் பிஎன்ஜி, ஜேபெக், டிஃப் ஆகிய பட வகைகளின் லைப்ரரிகள் எல்லாமே விருப்பமானவை. அவனுடைய கணினியில் அவற்றின் டெவ் பொதிகள் இல்லை. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஓடி மறைந்த அந்த 'நோ'வை அவன் கவனிக்கவும் இல்லை. லெப்டோனிகா ஒரு குறையும் சொல்லாமல் முடிந்தது, ஆனால் பிஎன்ஜி படத்தைத் திறக்க வேண்டிய இடத்தில் வெறும் பெயர்ப்பலகை மட்டும் இருந்தது. மூலநிரலிலிருந்து பைத்தானைக் கட்டுகிறவர்களுக்கும் இதே அனுபவம் நேர்கிறது. லிப்எஃப்எஃப்ஐ-டெவ் இல்லாமல் கட்டினால் பைத்தான் உருவாகிவிடும், சிடைப்ஸ் என்னும் கூறு மட்டும் அதில் இருக்காது. மேக் முடியும் நேரத்தில் விடுபட்ட கூறுகளின் பட்டியலைப் பைத்தான் காட்டுவது உண்மைதான், அந்த நேரத்தில் நாம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

டெசராக்ட்டில் இதைக் கண்டறிய எளிய வழி இருக்கிறது. பதிப்பைக் கேட்கும் விருப்பத்தோடு, அதாவது இரண்டு ஹைஃபன்களை அடுத்து 'வெர்ஷன்' என்று எழுதி ஓட்டினால், டெசராக்ட்டின் பதிப்புக்குக் கீழே லெப்டோனிகாவின் பதிப்பும், அதற்கும் கீழே லெப்டோனிகாவோடு இணைந்திருக்கும் பட லைப்ரரிகளின் பெயர்களும் வரும். அவன் படித்துக் காட்டியபோது அந்தக் கடைசி வரியில் லிப்பிஎன்ஜி இல்லை, லிப்ஜேபெக் இல்லை, லிப்டிஃப் இல்லை.

லிப்பிஎன்ஜி-டெவ், லிப்ஜேபெக்-டெவ், லிப்டிஃப்-டெவ் ஆகிய மூன்றையும் நிறுவச் சொல்லி, லெப்டோனிகாவின் கோப்புறையில் மேக் க்ளீன் செய்துவிட்டுக் கான்ஃபிகரிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னேன். கான்ஃபிகரை மீண்டும் ஓட்டாமல் மேக்கை மட்டும் ஓட்டுவது பலரும் செய்யும் தவறு. முதல்முறை கண்டதையே கான்ஃபிகர் கோப்புகளில் எழுதி வைத்திருப்பதால், புதிதாக வந்த லைப்ரரி மேக்கின் கண்ணில் படாது.

"டெசராக்ட்டையும் திரும்பக் கட்டணுமா மாமா?" என்று கேட்டான். வேண்டாம். லெப்டோனிகா டெசராக்ட்டுக்குள் ஒட்டப்படவில்லை, திறக்கும்போது தேடி எடுக்கப்படுகிறது. அதே எண்ணில் புதிய லெப்டோனிகாவை அதே இடத்தில் வைத்துவிட்டால், டெசராக்ட்டின் ஒரு எழுத்தையும் தொடாமல் அதற்குப் பிஎன்ஜி படிக்கத் தெரிந்துவிடும். பகிர்வு லைப்ரரி என்ற ஏற்பாட்டின் அருமை எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பூட்டுவது இந்த இடத்தில்தான். அரைமணி நேரம் கழித்து அவன் மறுபடி அழைத்தபோது, பதிப்பு வரியில் மூன்று பெயர்களும் வந்துவிட்டன.

அடுத்து வந்த பிழை, தமிழுக்கான தரவுக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்பது. அதையும் லைப்ரரிச் சிக்கல் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு மொழிக்கும் டெசராக்ட் ஒரு பயிற்சித் தரவுக் கோப்பை எதிர்பார்க்கிறது, மூலநிரலோடு அது வருவதில்லை. தமிழுக்கானதைத் தனியே இறக்கி டெஸ்டேட்டா கோப்புறையில் வைத்து, டெஸ்டேட்டா ப்ரிஃபிக்ஸ் என்னும் சூழல் மாறியில் அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். அதை முடித்த பிறகு முதல் அழைப்பிதழில் 'நிகழும் மங்களகரமான' என்ற தொடக்கம் உரையாக வந்தது. மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் சில இடங்களில் மாறியிருந்தன. மை மங்கிய பழைய அச்சுக்கு அது எதிர்பார்க்கக்கூடியதே.

அவனுக்குச் சொன்ன இன்னும் இரண்டு செய்திகள் உங்களுக்கும் பயன்படும். தேவையான டெவ் பொதிகளை ஒவ்வொன்றாகத் தேடுவதற்குப் பதிலாக, ஆப்ட் பில்ட்-டெப் என்ற கட்டளையோடு மென்பொருளின் பெயரைக் கொடுத்தால், உபுண்டு தன் பதிப்பைக் கட்டுவதற்குப் பயன்படுத்திய அத்தனை பொதிகளையும் ஒரே முறையில் நிறுவிவிடும். மென்பொருள் மூலங்களின் அமைப்பில் மூலநிரல் களஞ்சியத்தை முதலில் இயக்கியிருக்க வேண்டும். புதிய பதிப்புக்குப் புதிதாக ஒன்றிரண்டு தேவைப்பட்டாலும் மீதி வேலை முடிந்துவிடும். உபுண்டு தரும் லெப்டோனிகா 1.74-க்கு மேற்பட்டதாக இருக்கும்போது அதைத் தனியே கட்டியிருக்க வேண்டிய தேவையும் இல்லை என்றே நான் கருதுகிறேன். டெவ் பொதி கிடைக்கும்போது அதை எடுத்துக்கொள்வதும், அதன் பதிப்பு போதாதபோது மட்டும் மூலநிரலுக்குப் போவதும் நல்ல வழக்கம்.

மற்றொன்று, கட்டி முடித்த மூலநிரல் கோப்புறையை அழித்துவிடாதீர்கள். மேக் இன்ஸ்டால் செய்த கோப்புகள் பொதி நிர்வாகியின் பட்டியலில் இருக்காது, ஆப்ட் அவற்றை நீக்காது. லெப்டோனிகா, டெசராக்ட் போன்றவற்றில் அதே கோப்புறைக்குள் சென்று மேக் அன்இன்ஸ்டால் செய்வதுதான் அவற்றைச் சுத்தமாக எடுக்கும் வழி. அக்கா மகன் இரண்டு கோப்புறைகளையும் அழைப்பிதழ்ப் படங்கள் இருக்கும் வட்டிலேயே வைத்திருக்கிறான்.